வாத்துக்கால் அம்பு

டயர் தடம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

மீட்டர்காரர் இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தார். சைக்கிள் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. சாலை அங்கே இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கச் சாலையின் தொடக்கத்தில் ஏதோ ஒரு லாரி மண்ணைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. ஈரம் காயாத மண். அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு தடம் பதிந்து, இடப்பக்கம் வளைந்து, தாரில் ஏறி மறைந்தது.

சைக்கிள் சுற்றில் வந்த மற்றவர்கள் அரை மணி நேரத்துக்கு முன்பே கடந்திருப்பார்கள். அப்போது மண் விழுந்திருக்காது. அவருக்கு முன்னால் தனியாகப் போனது ஒருத்திதான்.

வலப்பக்கம் திரும்பச் சொல்லிச் சாலையில் வரைந்த அம்பு மண்ணுக்கு அடியில் கிடந்தது. இடப்பக்கம் காட்டும் அம்பு ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. தடித்த, கோணலான, மூன்று விரல்களை விரித்துவைத்தது போன்ற வெள்ளை அம்பு. அது அங்கே இருக்கக் கூடாது. இருப்பதற்குக் காரணம் அவர்.

"ஏம்மா!" என்று கத்தினார். "நில்லும்மா!"

கண்ணுக்கு எட்டிய வரை சாலையில் யாரும் இல்லை. இடப்பக்கம் திருப்பி மிதித்தார். அந்தச் சாலை கொஞ்ச தூரம் மட்டமாகப் போய், பிறகு இறங்கி, ஆற்றின் பழைய கல்பாலத்தில் ஏறுகிறது. ஏழு வளைவுகள் உள்ள பாலம். சென்ற மழைக்கு அதன் இரண்டாவது வளைவு ஆற்றோடு போய்விட்டது.

பாலத்தின் வாயில் சாலைத்துறை இரண்டு தார் பீப்பாய்களை வைத்துக் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. மூன்று நாட்களுக்கு முன்பு பார்த்தபோதுகூட மூங்கில் இருந்தது. இப்போது புல்லில் கிடந்தது. பாலத்தின் மேல் முளைத்த புல்லுக்காக யாரோ ஆடுகளை உள்ளே விட்டிருக்க வேண்டும். புழுக்கைகள் கிடந்தன.

சைக்கிள் உடைந்த விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் கீழே இருந்தாள்.

கரையின் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார்.

"யாரு அது?"

"நான்தாம்மா. மீட்டர்."

"அம்பு பாத்துத்தான் வந்தேன் அண்ணா."

"தெரியும். அசையாத."

"அம்பு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. பாலத்தைத்தான் காணோம்."

அவள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் நெற்றிக்கு மேல் வெடித்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் போகக் கூடாத திசையில் போயிருந்தது. அவர் போன் பண்ணினார். இடத்தைச் சொல்லும்போது இரண்டு முறை தவறாகச் சொல்லித் திருத்தினார்.

"கை இருக்கா அண்ணா?"

"இருக்கு."

"எனக்குத் தெரியல. விரல் எல்லாம் இருக்கா பாருங்க."

"இருக்கும்மா."

"எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். ஐந்தும் இருந்தன. இரண்டு அசையவில்லை. அதைச் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஒரு கல்யாணப் பொண்ணு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். "இடுப்பு வரைக்கும் முடி. பின்னவே ஒரு மணி நேரம் ஆகும்."

"வேற யாராவது பாத்துப்பாங்க."

"வேற யாரு? கடையில நான் ஒருத்திதான."

 அவள் பற்கள் தட்டிக்கொண்டிருந்தன. அவர் தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று.

*

அவருக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டரில் எண் பார்த்து எழுதுகிறார். மீட்டர் எப்போதும் தரைக்குக் கீழே ஒரு குழியில் இருக்கும். மூடியைத் தூக்கினால் தவளை இருக்கும், பூரான் இருக்கும், ஒரு முறை யாரோ ஒளித்துவைத்த பாட்டில் இருந்தது. கண்ணாடி மேல் சேறு படிந்திருக்கும். அதைத் துடைக்கச் சட்டைப் பையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். வீட்டுக்காரப் பெண்கள் அவர் தலைக்கு மேலே நின்று பேசுவார்கள். "தண்ணிதான் வரல, முள்ளு மட்டும் எப்படி ஓடுது? காத்துக்கும் கணக்கா?" அவர் பதில் சொல்வதில்லை. எண்ணை எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் முகம் தெரியாத வீடுகள் அந்த ஊரில் பல உண்டு. முதுகு எல்லோருக்கும் தெரியும்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி. வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுமாதம், எனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுங்க என்றாள். சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவரை முந்த அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

சைக்கிள் சங்கத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். லீவு விண்ணப்பத்தைப் பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனவள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். வருடாந்திரச் சுற்று. எழுபத்திரண்டு கிலோமீட்டர். நான்கு பழைய ஊர்கள். நடுத்தரம்.

"நடுத்தரம்னா என்னங்க?" என்று கேட்டாள். கடைக்காரர்தான் சங்கத்தின் செயலாளர்.

"சாகவும் மாட்டீங்க, சிரிக்கவும் மாட்டீங்க."

"அப்போ எங்க கல்யாணம் மாதிரி" என்றாள். ஜெராக்ஸ்காரர் அதைப் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சுற்று கோட்டை ஊரில் தொடங்கும். கோட்டை என்று மிஞ்சியிருப்பது ஒரு பக்கச் சுவரும் இரண்டு பீரங்கிகளும்தான். பீரங்கிமேல் துணி காயும். அடுத்தது கல்தூண் வரிசைகள் உள்ள சந்தை ஊர். தூண்களில் பழைய வியாபாரிகள் வெட்டிவைத்த அளவுக் கோடுகள் இருக்கும். இப்போது அவற்றில் சைக்கிளைச் சாய்த்துவைப்பார்கள். மூன்றாவது மணிக்கூண்டு ஊர். நான்கு முகத்தில் நான்கு நேரம். கடைசியில் பாலத்து ஊர், பிறகு ஆற்றைத் தாண்டி மறுபடியும் கோட்டை. வரலாறு படித்தவர்கள் நின்று நின்று போட்டோ எடுப்பார்கள். மீட்டர்காரர் எந்த ஊரிலும் எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கும் மனைவிக்கும் தரையில் வேலை இருந்தது.

அம்பு போடுவது அவர்கள் வேலை. யாரும் கொடுக்கவில்லை. இரண்டாவது வருடம் யாரும் முன்வராதபோது மனைவி கையைத் தூக்கினாள். கூடவே அவர் கையும் தூக்கப்பட்டது. சுற்றுக்கு மூன்று நாள் முன்பு இருவரும் லீவு போட்டு முழு வழியையும் சுற்றுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அம்பு. திரும்பிய பிறகு ஐம்பது அடி தள்ளி இன்னொன்று, சரியான வழிதான் என்று மனத்துக்குத் தைரியம் கொடுக்க. அம்பு வெட்டிய தகரத்தைச் சாலையில் வைத்து அவள் பெயின்ட் அடிப்பாள். அவர் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வண்டிகளை நிறுத்துவார். சுற்று முடிந்த அடுத்த ஞாயிறு அதே வழியில் போய் எல்லா அம்புகளையும் கருப்படித்து அழிக்க வேண்டும். ஊர்க்காரர்களுக்குச் சங்கம் கொடுத்த வாக்கு அது. ஒவ்வொரு வருடமும் நிறம் மாறும்.

அம்பு போட்ட முதல் வருடம் அவர் அம்பின் ஓரத்தை விடாமல், வெளியே ஒரு சொட்டு போகாமல், ஒவ்வொன்றையும் அழகாகக் கருப்படித்தார். சந்தை ஊரில் ஒருவர் வேலிக்குள் இருந்து கேட்டார்: "வெள்ளை அம்பு சைக்கிளுக்கு. கருப்பு அம்பு யாருக்குங்க?" மனைவி சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அம்பு வடிவத்திலேயே கருப்படித்தால் அது கருப்பு அம்பு. பாதி வழி திரும்பப் போய் எல்லாவற்றையும் சதுரமாக அடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்தில் அது விதி. அழிக்கும்போது சதுரமாக அழி. அம்பு உள்ளே இருந்தது என்றே தெரியக் கூடாது.

போன வருடம் நிறம் மஞ்சள். வழியின் கடைசி அம்பு போட வேண்டிய பாலத்து ஊர்ப் பிரிவுக்கு வந்தபோது தகரத்தைக் காணவில்லை. மணிக்கூண்டுக்கு எதிரே டீ குடித்த கடையின் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றார்.

"ஒரு அம்புக்கா? துணியைப் புடிங்க."

முழங்காலில் உட்கார்ந்து வெறும் கையால் போட்டாள். பின்னால் ஒரு லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவசரப்படவில்லை. போட்டுவிட்டு எழுந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோணலா இருக்கா?"

"வாத்துக் கால் மாதிரி இருக்கு."

"வாத்து என்ன, வழி தெரியாமயா போகுது? ஏறுங்க."

சுற்று முடிந்த மூன்றாம் நாள் இஸ்திரி மேசை முன் நின்றபடியே விழுந்தாள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அதே ஆஸ்பத்திரி. அவள் இஸ்திரி போட்ட விரிப்பில்தான் படுக்கவைத்தார்கள் என்று சலவைப் பிரிவுப் பெண்கள் சொன்னார்கள். பதினோரு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, அம்புகளை அழிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது ஜெராக்ஸ்காரர் தடுத்தார். "விடுங்க. மழையில தானா போயிடும்." அவர் போனார். விடிந்ததிலிருந்து மாலை வரை ஒவ்வொன்றாகக் குனிந்து அடித்தார். எல்லாம் தகர அம்புகள். யார் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். பிரிவுக்கு வந்து பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்து எடுத்தார். அம்பின் வாலில் ஒரு கருப்புச் சொட்டு விழுந்தது.  பிறகு டப்பாவை மூடினார்.

சங்கத்து நோட்டில் "அனைத்தும் அழிக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய்யாக அவர் எழுதியது அது ஒன்றுதான். இருபத்தாறு வருடத்தில் ஒரு மீட்டரைக்கூடப் பார்க்காமல் எழுதியதில்லை.

அந்த வருடம் முழுக்க, மாதத்தில் ஒரு ஞாயிறு, முப்பத்தொரு கிலோமீட்டர் மிதித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மகள் போனில் எங்கப்பா இருக்கீங்க என்றால், சும்மா ஒரு ரவுண்டு என்பார். போனதும் பல்துலக்கும் பிரஷ்ஷால் அம்பின் மேல் படிந்த புழுதியைத் தட்டுவார். அங்கே உட்கார்ந்து பிரஷ்ஷை எடுக்கும்போதெல்லாம் நாள்பட்ட பழக்கத்தில் எண் எங்கே என்று கண் தேடும். எண் இருக்காது. ஒவ்வொரு முறையும் மஞ்சள் கொஞ்சம் குறைந்திருக்கும். மழைக்குப் பிறகு ஒரு விரலே போய்விட்டது.

இந்த வருடம் பாலம் இல்லை என்பதால் சுற்று வலப்பக்கம், புதுப் பாலம் வழியாகத் திருப்பப்பட்டது. நிறம் வெள்ளை. அவர் தனியாகப் போய் அம்பு போட்டார். பிரிவில் வலப்பக்கம் தகரத்தை வைத்துச் சரியாக அடித்தார். ஐம்பது அடி தள்ளி இன்னொன்று அடித்தார். பிறகு திரும்பி வந்தார். இடப்பக்க அம்பு சாலையோடு சாலையாகிக்கொண்டிருந்தது. அடுத்த மழை வரைக்கும் தாங்காது.

கையில் வெள்ளை பெயின்ட் இருந்தது. வால் தேய்ந்த இடத்தில் மட்டும் லேசாக என்று தொடங்கினார். பிறகு போன விரல். அவள் பிரஷ் போன கோட்டிலேயே போனார். அவள் கோடு தெரியாத இடங்களில் கை நின்றது, பிறகு நினைவிலிருந்து போனது. முடித்தபோது அம்பு புதிதாக இருந்தது. பாலத்தில்தான் மூங்கில் கட்டியிருக்கிறதே என்று நினைத்தார். பக்கத்திலேயே சரியான அம்பு இருக்கிறதே என்று நினைத்தார். யார் வந்து கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்தது. யாரும் வரவில்லை.

சுற்று நாளில் அவர் எப்போதும் கடைசி வண்டி. யாரையும் பின்னால் விடக் கூடாது என்பது கடைசி வண்டியின் வேலை. இன்று காலை கோட்டைச் சுவரருகே பார்லர் பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கடன் வாங்கிய சைக்கிள், புது ஹெல்மெட். முதல் சுற்று.

"அக்கா ரெண்டு வருஷமா கூப்பிட்டுட்டே இருந்தாங்க" என்றாள். "முடி வெட்ட உக்காந்தா இதே பேச்சு. வரேன் வரேன்னு ஏமாத்திட்டே இருந்தேன். சரி, இந்த வருஷமாவது போயிடலாம்னு."

அவர் தலையாட்டினார்.

"எனக்கு வழி தெரியாது அண்ணா. திசையும் வராது. என் கடைக்கே ரெண்டு தடவை தப்பா திரும்பியிருக்கேன்."

"அம்பு பாத்துப் போம்மா. கண்ணை மூடிட்டு அது பின்னாடி போ. தப்பாது."

மணிக்கூண்டு ஊரைத் தாண்டி ஒரு வாத்தியாருக்குச் சங்கிலி அறுந்தது. அதை மாட்டிக்கொண்டிருந்தபோது பார்லர் பெண் கடைசியாக அவர்களைக் கடந்தாள். நிற்கட்டுமா என்று கேட்டாள். நீ போ, நான் பின்னாடியே வரேன் என்றார். சங்கிலி சரிவரவில்லை; வாத்தியார் மணிக்கூண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்.

*

மணிக்கூண்டு ஊர் ஆஸ்பத்திரியில் வராந்தா நீளமாக இருந்தது. பெஞ்சில் பார்லர் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெடித்த ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். மீட்டர்காரரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

"நீங்க இல்லன்னா என் பொண்ணு அங்கேயே கிடந்திருப்பா."

அவர் கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தார். ஜெராக்ஸ்காரர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மாடிப்படிக்குக் கீழே, பழைய சக்கர நாற்காலிகள் அடுக்கிவைத்த இடத்தில் நிறுத்தி, போனைக் காட்டினார்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். இதைப் பாருங்க. எவனோ போக்கிரிப் பயல் பழைய அம்பு மேல புதுசா வெள்ளை அடிச்சிருக்கான். உள்ள மஞ்சள் தெரியுது பாருங்க. போதாததுக்கு மூங்கிலையும் எடுத்துட்டானுங்க. நான் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். சங்கத்து மேல தப்பே கிடையாது."

படத்தில் அம்பு இன்னும் தெளிவாக இருந்தது.

"நான்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?"

"அடிச்சது."

ஜெராக்ஸ்காரர் போனை அணைத்தார். மறுபடி போட்டார். "போன வருஷமே எல்லாம் அழிச்சாச்சுன்னு எழுதினீங்களே?"

"இது ஒண்ணு அழிக்கல. அவ கையால போட்டது."

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ்காரர் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு அடி பின்னால் உருண்டது. சிரிப்பதற்கென்றே அமைந்த முகம் அவருக்கு. அப்படி அவரைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

"என் கிட்ட சொன்னீங்க, சரி. இதோட விடுங்க" என்றார் கடைசியில். "வேற யார்கிட்டயும் வேணாம். சங்கம் போச்சுன்னா போகட்டும். அக்கா பேரு எதுக்கு இதுல வரணும்?"

"அவ பேரு எதுக்கு வருது? அவ போட்டப்ப பாலம் இருந்துச்சு."

"சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு கை சரியாயிடுமா?"

"ஆகாது."

"பின்ன?"

மீட்டர்காரர் வார்டுக்குப் போனார்.

அவள் விழித்துதான் இருந்தாள். வலது கை தோளிலிருந்து விரல் நுனி வரை மூடிக் கட்டி, இரும்புக் கம்பியில் தொங்கவிடப்பட்டிருந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. முகத்தில் மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

"அண்ணா, அந்தக் கல்யாணப் பொண்ணு வீட்டுக்கு அம்மா போன் பண்ணிட்டாங்க. திட்டினாங்களாம்."

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். நோட்டில் எழுதிய பொய், ஞாயிற்றுக்கிழமைகள், வெள்ளை பெயின்ட். சொல்லும்போது கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் அதையே பார்த்தார்.

 பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வலது கை அண்ணா" என்றாள்.

"ஆமாம்மா."

"இடது கையால கத்தரிக்கோல் புடிக்க வராது."

அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அக்காவுக்கு முடி வெட்டினப்போ எல்லாம் சொல்லுவாங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டு வெளிய போகாம பெயின்ட் அடிக்க வரும்னு." அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "அந்த அம்பு இப்ப இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க?"

*

இரும்புக்கடையில் ஒரு சின்ன டப்பா கருப்பு பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கினார். பன்னிரண்டு கிலோமீட்டர். எதிர்க்காற்று. நான்கு மணி வெயில் நேரே முகத்தில் அடித்தது.

துணி பிடிக்க ஆள் இல்லை. சைக்கிளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி, ஹேண்டில்பாரில் சிவப்புத் துணியைக் கட்டினார். முதலில் வலப்பக்கம் போய் இரண்டு கையாலும் மண்ணை வாரி ஓரத்தில் போட்டார். தகர அம்பு வெளியே வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு இடப்பக்கம் வந்து முழங்காலில் உட்கார்ந்தார்.

வாலில் போன வருடத்துச் சொட்டு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வெள்ளை அடித்திருந்தாரே தவிர, அதன் மேல் அடிக்கவில்லை. அங்கிருந்து தொடங்கினார். வால், பிறகு ஒரு விரல், இரண்டாவது விரல்.

பின்னால் லாரி ஒன்று வந்து நின்றது. ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. ஓட்டுநர் ஜன்னலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, உக்கார வேற இடமே கிடைக்கலியா?"

"ரெண்டு நிமிஷம்."

"என்ன எழுதறீங்க?"

"எழுதல. அழிக்கறேன்."

"யாரு எழுதினது?"

"வீட்ல."

"வீட்ல எழுதினதை வீட்லயே வெச்சுக்க வேண்டியதுதான. ரோட்டுக்கு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

ஓட்டுநர் சிரித்தார். தான் வேடிக்கையாகப் பேசிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். லாரியை ஓரமாக இறக்கி, சைக்கிளின் பின்சக்கரத்தை உரசாமல் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்றாவது விரலையும் முடித்து எழுந்தார். ஓரத்தில் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சாலையில் ஒரு கருப்பு வாத்துக்கால் இருந்தது. இடப்பக்கம், பாலத்தைக் காட்டிக்கொண்டு.

அதைப் பார்த்தபடி நின்றார். தார்ச்சாலையில் கருப்பு. யார் கண்ணிலும் படாது. யாரும் அதைப் பின்தொடர மாட்டார்கள். வெயில் சாய்ந்து அடிக்கும்போது மட்டும், இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு, தெரியும்.

காற்றில் சிவப்புத் துணி படபடத்தது. மறுபடியும் உட்கார்ந்தார். டப்பாவில் மிச்சம் இருந்ததைச் சாலையில் கவிழ்த்து, பிரஷ்ஷால் நான்கு பக்கமும் இழுத்தார். விரல்களுக்கு இடையே இருந்த இடைவெளிகள் நிரம்பின. ஓரங்கள் போயின. சதுரம் ஆயிற்று. மூலைகளைச் சரிசெய்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே இருந்தார்.

*

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு வேலைக்குப் போனார். போகும் வழியில் ஜெராக்ஸ் கடை இன்னும் திறக்கவில்லை. சங்கத்து நோட்டு, வெள்ளை டப்பா, தகரம், மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுப் பூட்டில் மாட்டிவிட்டுப் போனார். நோட்டில் போன வருடத்து வரியை அடித்துத் திருத்தி, தேதி போட்டிருந்தார். பார்லரில் கதவு மூடியிருந்தது. வாசலில் யாரோ இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினொன்றரைக்கு ஜெராக்ஸ்காரர் போன் பண்ணினார். அறுவை முடிந்துவிட்டது, முழங்கையில் தகடு வைத்திருக்கிறார்கள், இரண்டு விரல் மடங்காது என்கிறார்கள் என்றார். பையைப் பற்றிக் கேட்கவில்லை. 

மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக்காரி, கையில் என்ன கருப்பு என்று கேட்டாள். பெயின்ட் என்றார். மண்ணெண்ணெய் போட்டால் போகும் என்று அவள் கொஞ்சம் பஞ்சில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். துடைத்தார். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. பிறகு குழியின் மூடியைத் தூக்கி, பிரஷ்ஷால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதினார்.

அன்று நூற்று முப்பத்திரண்டு மீட்டர் பார்த்தார். மூன்று வீடுகள் பூட்டியிருந்தன.